கோடு போடுமுன் முடிந்துவிடும் கணக்கு

தேர்தல் இரவில் முடிவுகள் வரும்போது கொழும்பு வடக்கு, கொழும்பு மத்தி, பொரளை, கொழும்பு கிழக்கு, கொழும்பு மேற்கு, தெஹிவளை, இரத்மலானை என்று தொகுதிப் பெயர்கள் வரிசையாக வாசிக்கப்படும். கொழும்பு மாவட்டத்தில் இப்படி 15 தொகுதிகள், நாடு முழுவதும் 160. இவற்றின் எல்லைகள் 1970களின் நடுப்பகுதியில், பழைய தொகுதிவாரி முறைக்காக வரையப்பட்டவை. அந்த எல்லைகளில் நடந்த பொதுத் தேர்தல் ஒன்றே ஒன்றுதான்: 1977. மறு ஆண்டு வந்த அரசியலமைப்பு விகிதாசார முறையைக் கொண்டுவந்ததோடு, இவை வாக்கு எண்ணுவதற்கும் முடிவு அறிவிப்பதற்கும் உதவும் பிரிவுகளாகச் சுருங்கிவிட்டன. எந்த உறுப்பினரும் இன்று கொழும்பு மத்தியின் உறுப்பினர் அல்லர். கொழும்பு மாவட்டத்தின் உறுப்பினர்.

அப்படியானால் எல்லை நிர்ணயம் இங்கே பழங்கதையாகிவிட்டதா என்றால், இல்லை. 2014இல் ஊவாவில் நடந்ததற்குப் பிறகு நாட்டின் எந்த மாகாணசபைக்கும் தேர்தல் நடக்கவில்லை; அதற்குச் சட்டரீதியான காரணம் முடிவுறாத ஓர் எல்லை நிர்ணயம். உள்ளூராட்சி சபைகளின் உறுப்பினர் எண்ணிக்கை ஏறத்தாழ இரட்டிப்பானதற்குக் காரணம் இன்னொரு எல்லை நிர்ணயம். பாராளுமன்றத்துக்கு, தொகுதியும் கட்சிப் பட்டியலும் சேர்ந்த கலப்பு முறை கொண்டுவருவதாக எந்த அரசாங்கம் பேசினாலும், முதலில் 1976இன் கோடுகளை அழித்துப் புதிதாகப் போடவேண்டியிருக்கும்.

எல்லை என்றதும் எல்லோரும் வரைபடத்தைத்தான் பார்க்கிறார்கள்: எந்த வீதி எந்தப் பக்கம் போனது, எந்தத் தோட்டம் யாரோடு சேர்ந்தது என்று. அந்தச் சண்டைக்கும் அர்த்தம் உண்டு. ஆனால் வரைபடம் மேசைக்கு வரும் முன்பே மூன்று விடயங்கள் தீர்மானிக்கப்பட்டிருக்கும். எதை எண்ணுவது, ஒரு தொகுதிக்கு எத்தனை ஆசனம், வாக்காளரின் கையில் எத்தனை வாக்கு. சிறுபான்மைச் சமூகத்தின் பிரதிநிதித்துவம் பெரும்பாலும் அந்த மூன்றிலேயே முடிந்துவிடும்.

எதை எண்ணுவது

சோல்பரி அரசியலமைப்பின் கீழ், 1946இல் அமைந்த முதல் எல்லை நிர்ணய ஆணைக்குழுவுக்குக் கொடுக்கப்பட்ட விதி எளிமையானது. மாகாணம் ஒவ்வொன்றுக்கும் 75,000 ஆட்களுக்கு ஓர் ஆசனம். அதோடு 1,000 சதுர மைல் பரப்புக்கு ஓர் ஆசனம். பரப்புக்கென்று நாடு முழுவதிலும் 25 ஆசனங்கள் போயின, சனத்தொகைக்கு 70, மொத்தம் 95. சனம் நெருங்கிய மேல் மாகாணத்துக்குப் பரப்புக் கணக்கில் கிடைத்தது 1 ஆசனம் மட்டுமே. சனம் குறைந்து நிலம் பரந்த வடக்கு, கிழக்கு, வடமத்தி, ஊவா மாகாணங்களுக்கு இது சாதகம். ஆசனங்களில் பாதி சிறுபான்மையினருக்கு வேண்டும் என்று ‘ஐம்பதுக்கு ஐம்பது’ கேட்ட தமிழ்த் தலைமைக்குச் சமாதானமாகச் சொல்லப்பட்ட பதில்களில் இந்தப் பரப்புக் கணக்கும் ஒன்று.

இந்த விதியில் ‘ஆட்கள்’ என்றுதான் இருந்தது. வாக்காளர் என்று இல்லை. அதன் விளைவு இரண்டே ஆண்டுகளில் தெரிந்தது. 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949இன் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டமும் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை வாக்காளர் இடாப்பிலிருந்து வெளியேற்றின. 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் வென்ற ஆசனங்கள் 7. 1952இல் ஒன்றுகூட இல்லை. ஆனால் மாகாணத்துக்கான ஆசனக் கணக்கில் அந்தத் தோட்டத் தொழிலாளர்கள் தொடர்ந்து எண்ணப்பட்டார்கள். மத்திய மாகாணத்துக்கு அவர்கள் தலைகளால் ஆசனம் கூடியது. அந்த ஆசனத்துக்கு வாக்களித்தவர்கள் வேறு ஆட்கள். எந்தக் கோட்டையும் யாரும் நகர்த்தாமலே நடந்த எல்லை மாற்றம் இது. இலங்கை எல்லை நிர்ணய வரலாற்றில் இதைவிடப் பெரிய அநீதியைத் தேடிப் பிடிப்பது கடினம்.

1978க்குப் பிறகு கணக்கின் அடி மாறியது. இப்போது எண்ணப்படுவது பதிவுசெய்யப்பட்ட வாக்காளர். 225 ஆசனங்களில் 29 தேசியப் பட்டியல். மீதி 196 மாவட்டங்களுக்கு. இந்த 196இல் 36 ஆசனங்கள் ஒவ்வொரு மாகாணத்துக்கும் 4 என்ற கணக்கில் நிரந்தரமாக ஒதுக்கப்பட்டவை. எஞ்சிய 160 வாக்காளர் இடாப்பின்படி பகிரப்படும்: நாட்டின் மொத்த வாக்காளரை 160ஆல் வகுத்து ஓர் ‘தகைமை எண்’ எடுப்பார்கள், ஒவ்வொரு தேர்தல் மாவட்டத்தின் வாக்காளர் தொகையை அந்த எண்ணால் வகுத்து முழு எண்ணைக் கொடுப்பார்கள், மீந்த ஆசனங்கள் மிச்சம் அதிகமுள்ள மாவட்டங்களுக்குப் போகும்.

2024இன் எண்களைப் போட்டுப் பார்க்கலாம். மொத்த வாக்காளர் 1 கோடியே 71 இலட்சத்து 40 ஆயிரத்து 354. 160ஆல் வகுத்தால் 1 இலட்சத்து 7 ஆயிரத்து 127. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில், கிளிநொச்சியும் சேர்த்து, ஏறத்தாழ 5 இலட்சத்து 93 ஆயிரம் வாக்காளர். ஈவு 5, மிச்சம் 57 ஆயிரத்துச் சொச்சம். அந்த மிச்சத்துக்கு ஆசனம் கிடைக்கவில்லை. வன்னியில், அதாவது மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்த மாவட்டத்தில், ஏறத்தாழ 3 இலட்சத்து 6 ஆயிரம். ஈவு 2, மிச்சம் 91 ஆயிரத்துக்கு மேல், ஆகவே 3. வடமாகாணத்துக்கான நிரந்தர நான்கில் வன்னிக்கு 3, யாழ்ப்பாணத்துக்கு 1. இறுதியில் இரு மாவட்டங்களுக்கும் தலா 6 ஆசனங்கள். யாழ்ப்பாணத்தில் சராசரியாக 99 ஆயிரம் வாக்காளருக்கு ஓர் உறுப்பினர். வன்னியில் 51 ஆயிரத்துக்கு ஒருவர். பழைய பரப்புக் கணக்கு வேறு வடிவத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

யாழ்ப்பாணத்தின் ஆசனங்கள் 1989இல் 11, 1994இல் 10, 2000இல் 9, 2015இல் 7, 2024இல் 6. கோடு எதுவும் மாறவில்லை. போரும் புலம்பெயர்வும் ஒரு பக்கம். போர்க்காலத்தில் ஒழுங்காகத் திருத்த முடியாதிருந்த இடாப்பு பின்னர் திருத்தப்பட்டது மறுபக்கம். கொழும்புக்கும் 2020இல் 19 ஆக இருந்தது 2024இல் 18 ஆனது. கம்பஹா 18இலிருந்து 19க்கு ஏறி முதலிடத்துக்கு வந்தது. கொழும்பில் வேலை பார்ப்பவர் கடவத்தையிலும் வத்தளையிலும் வீடு கட்டுவதன் கணக்கு இது.

வாக்காளர் இடாப்பை அடியாக வைத்தால் வேறொரு சிக்கலும் வரும். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஆண்டுக்கணக்காக வாடகைக்கு இருப்பவர் பலரின் பெயர் இன்னும் ஊர் முகவரியில்தான் கிடக்கும். சிலர் விரும்பியே வைத்திருக்கிறார்கள். சிலருக்கு வீட்டுச் சொந்தக்காரர் கிராம உத்தியோகத்தரின் படிவத்தில் பெயர் போட விடுவதில்லை, பிறகு உரிமை கேட்பார்களோ என்ற பயம். குடிசன மதிப்பீட்டில் அதே குடும்பம் கொழும்பில் எண்ணப்படும். இடாப்பில் சாவகச்சேரியில் அல்லது ஹட்டனில் இருக்கும். ஆட்களை எண்ணி வரைந்த வரைபடமும் வாக்காளரை எண்ணி வரைந்த வரைபடமும் கொழும்பு நகரில் ஒன்றாகவே இராது.

கொழும்பு மத்தியின் மூன்று ஆசனங்கள்

1946 ஆணைக்குழு 95 ஆசனங்களை 89 தொகுதிகளில் வைத்தது. 84 தொகுதிகள் ஒற்றை ஆசனம், 4 தொகுதிகள் இரட்டை, ஒன்று மட்டும் மூன்று ஆசனம். அந்த ஒன்று கொழும்பு மத்தி. 1947இல் அங்கே தெரிவானவர்கள் ஏ.ஈ. குணசிங்க, ரி.பி. ஜாயா, பீட்டர் கெனமன்: ஒரு சிங்களத் தொழிற்சங்கத் தலைவர், ஒரு மலாய் முஸ்லிம் கல்வியாளர், ஒரு பறங்கியரான கம்யூனிஸ்ட். மருதானை, புதுக்கடை, வாழைத்தோட்டம் பக்கத்து வாக்காளர் கலவையை அந்த மூன்று பெயர்களுமே காட்டின. 1977இலும் அதே தொகுதி ஆர். பிரேமதாச, ஜாபீர் ஏ. காதர், ஹலீம் இஸ்ஹாக் என்று மூவரை அனுப்பியது.

பல அங்கத்தவர் தொகுதி வெறும் பெருந்தன்மையில் வந்ததல்ல. சோல்பரி அரசியலமைப்பே வழி சொல்லியிருந்தது: ஒரு பகுதியில் இனத்தாலோ மதத்தாலோ வேறு வகையாலோ ஒன்றுபட்டு, ஆனால் அப்பகுதிப் பெரும்பான்மையிலிருந்து வேறுபட்டு, கணிசமானோர் செறிந்து வாழ்ந்தால், அவர்களின் பிரதிநிதித்துவத்துக்கு இடமுண்டாகும்படி ஆணைக்குழு தொகுதியைப் பிரிக்கலாம். அதோடு போக்குவரத்து வசதி, நிலத்தின் இயல்பு, மக்களின் நலன்கள் ஒத்தவையா வேறுபட்டவையா என்பவற்றையும் பார்க்கவேண்டும். ஒவ்வொரு குடிசன மதிப்பீட்டுக்கும் பிறகு ஓராண்டுக்குள், அரசியலில் ஈடுபடாத மூவர் கொண்ட ஆணைக்குழு அமையவேண்டும்.

பலருக்கு மறந்துபோன விவரம் வாக்களித்த முறை. மூன்று ஆசனத் தொகுதியில் ஒவ்வொரு வாக்காளருக்கும் மூன்று வாக்குகள். மூன்றையும் மூவருக்குப் பிரிக்கலாம். விரும்பினால் ஒருவருக்கே குவிக்கலாம். கணக்குக்காக 60,000 வாக்காளர் கொண்ட ஒரு தொகுதியை எடுப்போம். மொத்த வாக்குகள் 1,80,000. அதில் 16,000 பேர் கொண்ட ஒரு சமூகம் தன் மூன்று வாக்கையும் ஒரே வேட்பாளருக்குப் போட்டால் அவருக்கு 48,000. எஞ்சிய 44,000 பேரின் 1,32,000 வாக்குகளை எவ்வளவு சாமர்த்தியமாகப் பங்கிட்டாலும் மூன்று வேட்பாளருக்குத் தலா 44,000தான் வரும். ஆகவே அந்தச் சமூகத்துக்கு ஓர் ஆசனம் உறுதி. அதே சமூகம் 14,000 ஆகக் குறைந்தால் 42,000, எதிரே தலா 46,000, ஆசனம் உறுதியில்லை. எல்லைக்கோடு கால்வாசியில் இருக்கிறது: மூன்று ஆசனமென்றால் 25 சதவீதத்துக்குச் சற்று மேல், இரண்டு ஆசனமென்றால் மூன்றிலொரு பங்குக்குச் சற்று மேல்.

இதே 60,000 பேரை 20,000 வீதம் மூன்று ஒற்றை ஆசனத் தொகுதிகளாக வெட்டினால் எல்லாம் கோட்டைப் பொறுத்ததாகிவிடும். அந்த 16,000 பேர் ஒரே தொகுதிக்குள் விழுந்தால் ஓர் ஆசனம். மூன்றிலும் ஐயாயிரத்துச் சொச்சமாகச் சிதறினால் பூச்சியம். கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை, ஜிந்துப்பிட்டி போல ஒட்டிக் கிடக்கும் பகுதிகளில் கோடு உதவக்கூடும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை என்று கடற்கரை நெடுகிலும் மெலிதாகப் பரந்து வாழ்பவர்களுக்கு எந்தக் கோடும் உதவாது. எவ்வளவு நேர்மையான ஆணைக்குழு வந்தாலும் வரைபடத்தால் அதைச் சரிசெய்ய இயலாது.

1976 ஆணைக்குழு, 75,000க்குப் பதிலாக 90,000 என்ற அடியில், 160 தொகுதிகளில் 168 ஆசனங்களை வைத்தது. கொழும்பு மத்தியும் நுவரெலியா–மஸ்கெலியாவும் மூன்று ஆசனம். மட்டக்களப்பு, பொத்துவில், பேருவளை, ஹாரிஸ்பத்துவ இரட்டை ஆசனம். நுவரெலியா–மஸ்கெலியாவில்தான் 1977இல் எஸ். தொண்டமான் மூன்றாவது உறுப்பினராகத் தெரிவாகி, மலையகத்தின் தேர்தல் பிரதிநிதித்துவம் முப்பது ஆண்டுக்குப் பின் திரும்பியது. ஒற்றை ஆசனங்களாக வெட்டியிருந்தால் அது நடந்திருக்குமா என்பது பெரிய சந்தேகம்.

இன்றைய உள்ளூராட்சித் தேர்தலிலும் ‘பல அங்கத்தவர் வட்டாரம்’ இருக்கிறது. பெயர்தான் ஒன்று, வேலை வேறு. இப்போது வாக்காளருக்கு ஒரே வாக்கு, அதுவும் கட்சிக்கு. வட்டாரத்தில் முதலாவதாக வரும் கட்சி அந்த வட்டாரத்தின் எல்லா ஆசனங்களையும் எடுத்துக்கொள்ளும். முன்பு 34 சதவீதமுள்ள சமூகம் தன் பலத்தால் இரண்டில் ஒன்றைப் பெற்றது. இப்போது பெரிய கட்சி தன் பட்டியலில் ஒரு தமிழரையோ முஸ்லிமையோ போட்டால் கிடைக்கும், போடாவிட்டால் இல்லை. ‘பல அங்கத்தவர் தொகுதி தருகிறோம்’ என்று யாராவது சொன்னால், முதலில் கேட்கவேண்டியது வாக்குச்சீட்டில் எத்தனை புள்ளடி போடலாம் என்பதையே.

கொழும்பின் சிதறிய வாக்காளருக்கு நடப்பிலுள்ள மாவட்ட விகிதாசார முறை பொருந்துவதற்கும் இதுதான் காரணம். மாவட்டம் முழுவதும் ஒரே தொகுதி போல இயங்குகிறது. ஆசனம் பெற ஒரு கட்சி எடுக்கவேண்டிய குறைந்தபட்ச வாக்கான வெட்டுப்புள்ளி 1988இல் 12.5 சதவீதத்திலிருந்து 5 சதவீதமானது. மட்டக்குளி முதல் மொரட்டுவை வரை சிதறியிருப்பவர்கள் விருப்பு வாக்கை ஒரே பெயரில் குவிக்கலாம். விருப்பு வாக்குச் சண்டை, அதற்காகும் பணம் என்று அந்த முறைக்கு ஏகப்பட்ட வியாதிகள் உண்டு. ஆனால் கோடு எங்கே விழுகிறது என்று பயப்படவேண்டிய தேவை அதில் மிகக் குறைவு.

வரைகிற வேலை

எல்லை நிர்ணயத்தின் அடிக்கல், நிர்வாகத்தின் மிகச் சிறிய அலகான கிராம உத்தியோகத்தர் பிரிவு. நாட்டில் 14,022 பிரிவுகள். கொழும்பு மாவட்டத்தில் 557, அவை 13 பிரதேச செயலகப் பிரிவுகளுக்குள். இந்தக் கற்களை உடைக்காமல் அடுக்கித் தொகுதி கட்டுவதே வழக்கம், ஏனெனில் சனத்தொகையும் வாக்காளர் இடாப்பும் இந்தப் பிரிவு வாரியாகவே கிடைக்கின்றன.

ஒரு மாவட்டத்தில் 6 இலட்சம் வாக்காளர், 8 தொகுதிகள் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 75,000. பத்துச் சதவீதம் விலகல் அனுமதித்தால் 67,500க்கும் 82,500க்கும் இடையில் இருக்கவேண்டும். ஒரு பிரதேச செயலகப் பிரிவில் 1,05,000 வாக்காளர். ஒரு தொகுதிக்கு மிகை, இரண்டுக்குப் போதாது. 30,000 பேரை வெட்டிப் பக்கத்துப் பிரிவின் 45,000 பேரோடு சேர்த்தால் எண் துல்லியமாக 75,000. ஆனால் நடுவில் ஆறு, பாலம் 12 கிலோமீற்றர் தள்ளி, இரு கரைக்கும் சந்தை வேறு, பாடசாலை வேறு, மொழியும் வேறாக இருக்கலாம். எண் சரியான தொகுதி வாழ்க்கைக்குப் பொருந்தாது. வாழ்க்கைக்குப் பொருந்திய தொகுதி எண்ணில் உதைக்கும். இதற்குச் சரியான விடை என்று ஒன்று கிடையாது, எதை விட்டுக்கொடுப்பது என்ற தெரிவு மட்டுமே உண்டு. அந்தத் தெரிவுக்கான காரணம் அறிக்கையில் எழுதப்படாவிட்டால்தான் ‘எங்களை வேண்டுமென்றே பிரித்துவிட்டார்கள்’ என்ற பேச்சு கிளம்பும். சில நேரம் அந்தப் பேச்சு உண்மையாகவும் இருக்கும்.

பிழைகள் வரும் இடங்கள் அனேகமாக ஒரே மாதிரியானவை. கொழும்பில் கொட்டாஞ்சேனை கிழக்கு, மேற்கு. கொச்சிக்கடை வடக்கு, தெற்கு. வெள்ளவத்தை வடக்கு, தெற்கு என்று திசை மட்டும் வேறுபடும் பிரிவுகள் நிறைய. அட்டவணை தட்டச்சாகும்போது ஒரு திசை மாறினால் ஒரு பிரிவு இரண்டு தொகுதியிலும் இருக்கும், இன்னொன்று எதிலும் இராது. பெயரோடு பிரிவு இலக்கத்தையும் சேர்த்துச் சரிபார்த்தால்தான் பிடிபடும். பெரிய பிரிவைப் பின்னர் இரண்டாகப் பிரித்திருப்பார்கள். குழுவின் மேசையில் பழைய பட்டியல் இருக்கும். சில பிரிவுகளை உள்ளூராட்சி சபையின் எல்லை நடுவால் ஊடறுக்கும். பாதி மாநகரசபை, பாதி பிரதேச சபை. அங்கே மட்டும் கல்லை உடைத்தே ஆகவேண்டும், வாக்காளர் இடாப்பையும் வீட்டு இலக்கப்படி பிரித்தெழுதவேண்டும்.

வர்த்தமானியில் எல்லை எழுத்தால் விவரிக்கப்படும்: வடக்கே இந்தக் கால்வாய், கிழக்கே இந்த வீதியின் மையம், தெற்கே இந்தத் தோட்டத்தின் எல்லை என்று. வீதிக்குப் பெயர் மாறும், தோட்டம் துண்டு துண்டாக விற்கப்படும், கால்வாய் மூடப்படும். வீதியின் ‘மையம்’ என்று எழுதாமல் ‘வீதி’ என்று மட்டும் எழுதிவிட்டால், வீதியோரக் கடைக்காரர் எந்தப் பக்கம் என்று பின்னால் இழுபறி. நில அளவைத் திணைக்களத்தின் வரைபடமும் எழுத்து விவரணமும் ஒரே நாளில், ஒரே மூலத்திலிருந்து தயாராகவேண்டியது இதனால்தான்.

நகரத்தில் எண்கள் வேகமாகவும் நகரும். தெமட்டகொடை, முகத்துவாரம், மட்டக்குளிப் பக்கம் எழுந்த நகர அபிவிருத்தி அதிகார சபையின் அடுக்குமாடித் தொகுதிகளில் ஒவ்வொன்றுக்குள்ளும் நூற்றுக்கணக்கான குடும்பங்கள். ‘தோட்டம்’ எனப்படும் நகரத்துச் சேரிகளிலிருந்து எழுப்பப்பட்டவர்கள் ஒரு பிரிவில் குறைந்து இன்னொன்றில் குவிகிறார்கள். சராசரி அங்கேயே உடைகிறது. மறுபுறம், கடலை நிரப்பி எடுத்த துறைமுக நகரத்தின் 269 ஹெக்டயர் 2019இல் கொழும்பு நிர்வாக மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டது. பரப்புக் கணக்கு இன்னும் நடைமுறையில் இருந்திருந்தால் அதற்கும் யாராவது பங்கு கேட்டிருப்பார்கள்.

கலப்பு முறையில் கோட்டின் பிழை வேறு விதமாக வெளிப்படும். உள்ளூராட்சியில் 60 சதவீதம் வட்டாரம், 40 சதவீதம் பட்டியல். 40 பேர் கொண்ட சபையில் 24 வட்டாரம், 16 பட்டியல் என்போம். ஒரு கட்சி 40 சதவீத வாக்கு எடுத்தால் உரித்து 16. அது 14 வட்டாரம் வென்றால் பட்டியலில் 2 கிடைக்கும், கணக்குச் சரி. எதிர்க்கட்சிகள் சிதறியிருப்பதால் அதே 40 சதவீதத்தில் 20 வட்டாரங்களை வென்றுவிட்டால், 4 மேலதிக ஆசனம். சபை 44 ஆகப் பெருகும். வாக்கு அதேதான், கோடும் போட்டியாளரின் சிதறலும் சபையைப் பருக்கவைக்கின்றன. நாடு முழுவதும் 4,486 ஆக இருந்த உறுப்பினர் தொகை 2018இல் எட்டாயிரத்தைத் தாண்டியதில் பெரும்பங்கு வட்டாரங்களைக் கூட்டியதற்கு உரியது என்றாலும், மேலதிக ஆசனங்களும் தம் பங்கைச் செய்தன. 53 பேர் அமர்ந்த கொழும்பு மாநகரசபையில் 2018இல் 119 பேர், 2025இல் 117. இதைக் குறைக்க முன்னாள் தேர்தல் ஆணைக்குழுத் தலைவர் மஹிந்த தேசப்பிரிய தலைமையில் ஒரு குழு அமைந்து அறிக்கையும் கொடுத்தது. 2025 மே 6இல் தேர்தல் நடந்தது பழைய வட்டாரங்களிலேயே.

நல்ல உதாரணம் ஒன்றும் உண்டு. நுவரெலியா, அம்பகமுவ பிரதேச சபைகள் ஒவ்வொன்றிலும் இரண்டு இலட்சத்துக்கு மேல் சனம். வேறிடங்களில் சில ஆயிரம் பேருக்கே ஒரு சபை. 2017இல் அவை தலா மூன்றாகப் பிரிக்கப்பட்டு கொட்டகலை, அக்கரபத்தனை, மஸ்கெலியா, நோர்வூட் ஆகிய புதிய சபைகள் பிறந்தன. நீண்டகாலக் கோரிக்கை அது. வெறும் எண்ணைக் காட்டியே வாதாடி வெல்லக்கூடியதாக இருந்தது.

222 தொகுதிகள், ஆதரவு பூச்சியம்

மாகாணசபைக் கதை இதற்கு நேர்மாறு. 2017 செப்டெம்பர் 20இல், கிழக்கு, வடமத்திய, சப்ரகமுவ சபைகளின் காலம் முடியவிருந்த நேரத்தில், பெண்களின் பிரதிநிதித்துவத்துக்கென வந்த ஒரு திருத்தச் சட்டமூலத்துக்குள் குழுநிலையில் முழுத் தேர்தல் முறையும் நுழைக்கப்பட்டது. 2017இன் 17ஆம் இலக்கச் சட்டம்: பாதி தொகுதி, பாதி பட்டியல். தொகுதி வேண்டுமென்றால் எல்லை வேண்டும். முன்னாள் நில அளவையாளர் நாயகம் கே. தவலிங்கம் தலைமையில் குழு அமைந்து, 2018 பெப்ரவரியில் 222 தொகுதிகளோடு அறிக்கை கொடுத்தது. உறுப்பினர்களில் ஒருவரான புவியியல் பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ், முஸ்லிம் பிரதிநிதித்துவம் பற்றி மாறுபட்ட கருத்தை எழுதினார்.

சட்டத்தின் பொறி அடுத்த படியில் இருந்தது. அறிக்கை பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பெரும்பான்மையால் ஏற்கப்படவேண்டும். 2018 ஆகஸ்ட் 24இல் வாக்கெடுப்பு: எதிராக 139, ஆதரவாக ஒன்றுமில்லை. முன்வைத்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். அடுத்து, பிரதமர் தலைமையிலான மீளாய்வுக் குழு இரண்டு மாதத்தில் ஜனாதிபதிக்கு அறிக்கை தரவேண்டும், ஜனாதிபதி எல்லைகளைப் பிரகடனம் செய்யவேண்டும். அந்த அறிக்கை வரவேயில்லை. வராவிட்டால் என்ன செய்வது என்று சட்டம் சொல்லவில்லை. எல்லை இல்லாமல் ஜனாதிபதி தேர்தலை அறிவிக்கலாமா என்று 2019இல் கேட்கப்பட்டபோது உயர்நீதிமன்றத்தின் கருத்து: முடியாது, பழைய முறைக்குச் சட்டம் இல்லை, புதிய முறைக்கு எல்லை இல்லை.

தமிழ்நாட்டுத் தொகுதி மறுவரையறை விவாதத்தைத் தொலைக்காட்சியில் பார்க்கும் கொழும்பு வாசகர் ஒரு வேறுபாட்டைக் கவனிக்கலாம். இந்தியாவில் ஆணையத்தின் உத்தரவுக்குச் சட்ட வலிமை உண்டு. நாடாளுமன்றத்தின் மேசையில் வைக்கப்படும், ஆனால் அங்கே அதைத் திருத்த முடியாது. அங்குள்ள சண்டை எந்த ஆண்டுச் சனத்தொகையை எண்ணுவது என்பதில். இங்கே, அந்த எல்லைகளில் போட்டியிடப் போகிற கட்சிகளிடமே மூன்றில் இரண்டு சம்மதம் கேட்கப்பட்டது. தனக்கு நட்டம் என்று கருதும் மூன்றிலொரு பங்கினர் எந்த வரைபடத்துக்கும் எப்போதும் இருப்பார்கள். ஆகவே எந்த வரைபடமும் அந்தப் படியைத் தாண்டாது. தவலிங்கம் குழுவின் கோடுகளில் குறை இருந்தது உண்மை. குறையில்லாத கோடுகளும் தோற்றிருக்கும் என்பதே சரியான மதிப்பீடு.

வெளியே வர இரண்டு வழிகள்தான். ஒன்று, பழைய விகிதாசார முறையை ஒரு திருத்தச் சட்டத்தால் மீட்பது. அதற்கான தனிநபர் சட்டமூலத்தை எம்.ஏ. சுமந்திரன் முன்பே கொண்டுவந்திருந்தார். மற்றது, எல்லை நிர்ணயத்தைப் புதிதாகத் தொடங்குவது. இரண்டாவதைத் தெரிந்தெடுத்தால் 2018 அறிக்கையின் எண்களை வைத்து வேலை பார்க்கமுடியாது. 2012 குடிசன மதிப்பீட்டில் 2 கோடியே 3 இலட்சமாக இருந்த சனத்தொகை, 2024 மதிப்பீட்டில் 2 கோடியே 17 இலட்சத்தைத் தாண்டிவிட்டது; அந்த அதிகரிப்பு மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு.

அப்படி ஒரு குழு மறுபடி அமைந்து பொதுமக்களிடம் கருத்துக் கேட்டால், சனசமூக நிலையங்களும் கோயில், பள்ளிவாசல் பரிபாலன சபைகளும் அனுப்பும் கடிதங்கள் பெரும்பாலும் ‘எமது மக்களுக்கு ஒரு தொகுதி வேண்டும்’ என்ற ஒரே வரியில் நின்றுவிடும். குழுவால் அதைக்கொண்டு எதுவும் செய்ய இயலாது. சேர்க்கவேண்டிய, நீக்கவேண்டிய கிராம உத்தியோகத்தர் பிரிவுகளைப் பெயரோடும் இலக்கத்தோடும் எழுதவேண்டும்; மாற்றத்துக்கு முன்னும் பின்னும் இரு பக்கத் தொகுதிகளிலும் எத்தனை வாக்காளர் என்று காட்டவேண்டும்; விலகல் சராசரியிலிருந்து எத்தனை சதவீதம் என்பதையும் சொல்லவேண்டும். வரைவு வந்தவுடன் தமிழ்ப் பிரதியின் அட்டவணையைச் சிங்களப் பிரதியோடு வரி வரியாக ஒப்பிடவேண்டும். சட்டத்தில் மொழிகளிடையே முரண் வந்தால் சிங்களப் பிரதியே மேலோங்கும். ஆகையால் தமிழில் மட்டும் சரியாக இருக்கும் ஒரு பிரிவின் பெயரால் பயனில்லை. திருத்தம் இறுதி வர்த்தமானி அச்சாகும் முன் எழுத்தில் போய்ச் சேரவேண்டும்.